எடை சரியாகத்தான் இருந்தது

போன வாரம் உங்கள் எடைக் குறைப்புப் பிரிவைப் பார்க்க வரச் சொன்னீர்கள், வந்தேன். ஒரு அம்மாள் எடைக் கருவியில் ஏறி நின்றார். முள் போன மாதத்தைவிட நன்றாகக் கீழே நின்றது. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் மட்டும் தட்டவில்லை. "ரிட்டயர் ஆன பிறகும் கிழவிக்குச் சிடுசிடுப்பு போகவில்லை" என்று வராந்தாவில் பேசிக்கொண்டீர்கள். எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

சிடுசிடுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பெயர் எனக்கு உண்டு. ஆனால் நான் கை தட்டாததற்குக் காரணம் அதுவல்ல. அந்த அம்மாள் கருவியிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உங்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எடை எப்படிக் குறையும் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதையே திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தங்கக்கனி அக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். ரங்கூன் அரிசி வரத்து நின்றுபோய், தூத்துக்குடியில் அரிசிக்கு ஜனங்கள் தெருத்தெருவாக வரிசையில் நின்ற நாட்கள். கிடைத்த அரிசியும் புழுத்த நாற்றம் அடிக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் அப்போது புதிதாகச் சேர்ந்த நர்ஸ். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். எங்களுக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா. அதிகம் பேச மாட்டார், பேசினால் திரும்பச் சொல்ல மாட்டார். எங்களிடம் வந்த உடம்புகளில் முக்கால்வாசி எலும்பும் தோலும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் இல்லை, பிறந்த பிள்ளைக்குச் சதை இல்லை. எடை ஏற்றத்தான் நாங்கள் படாத பாடு பட்டோம்.

அப்படிப்பட்ட இடத்துக்குத் தங்கக்கனி அக்கா வில்வண்டியில் வந்து இறங்கினார். நல்ல பருமன். வண்டியிலிருந்து இறங்கி எங்கள் படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. கூடவே அவர் வீட்டுக்காரர் வைகுண்டம் அண்ணாச்சியும், அண்ணாச்சியின் அக்கா பொன்னம்மாளும் வந்தார்கள். பொன்னம்மாள் புருஷனை இழந்து, தம்பி வீட்டோடு இருந்தவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கக்கனி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நாம அரிசிக்கு நாயா அலையுதோம். இவியளுக்கு என்ன கொறையாம்?" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்.

அக்கா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். அவரிடம் நான் முதலில் கவனித்தது அந்த வெட்கத்தைத்தான். ஊர் பட்டினி கிடக்கும்போது தான் பருமனாக இருப்பது ஏதோ திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பது போல அவருக்கு இருந்தது.

டாக்டரம்மா படுக்கவைத்துப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே மாதுளம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு வந்ததாம். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். குடலிறக்கம்.

"இது ஒரு நாள் உள்ள போகாம மாட்டிக்கிட்டா உசிருக்கே ஆபத்து. ஆப்பரேஷன் பண்ணித்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த எடையில நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன். போட்ட தையலும் நிக்காது. எடை குறைஞ்சப்புறம் வாங்க."

"எம்புட்டு கொறையணும்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

டாக்டரம்மா ஒரு கணக்கு ராத்தலில் சொன்னார், அப்போதெல்லாம் கிலோ கிடையாது. அண்ணாச்சி தலையாட்டினார். "கொறச்சிருவோம்" என்றார், சரக்குக்கு ஆர்டர் பிடித்தவர் மாதிரி.

அக்கா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா இதுலதான் போனா, நர்ஸம்மா. வயிறு கல்லா எறுகிப்போயி, வாந்தி எடுத்து எடுத்தே போயிட்டா. நாந்தான் பக்கத்துல இருந்து சட்டி பிடிச்சேன்" என்றார்.

வாரத்தில் சில நாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. வீடு முன்னால், குடோன் பின்னால். அண்ணாச்சிக்கு நிலாவரை இலை ஏற்றுமதி. பேதிக்குக் கஷாயம் வைக்கும் அதே இலைதான். நம் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைவதை வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, சாக்கில் சிப்பம் சிப்பமாகக் கட்டிச் சீமைக்கு அனுப்புவார். தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தள்ளி நிற்கும் கப்பலில் சேர்க்க வேண்டும். சண்டைக்காலத்தில் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடோன் முழுக்கச் சிப்பம் கூரை தொட அடுக்கிக் கிடந்தது. அந்த வீட்டுச் சுவர், சேலை, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் அந்த இலையின் வாடைதான்.

முதல் வாரம் நான் எதுவும் சொல்லவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: நோயாளி வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன்னால் அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அக்கா கண்டதையும் தின்கிறவர் இல்லை. கடைசியில் சாப்பிடுகிறவர். வீட்டுக்காரர், பிள்ளைகள், நாத்தனார், வந்துபோகிற தரகர்கள் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுப் பானையில் மிஞ்சியதை எல்லாம் தட்டில் வழித்துப்போட்டுக்கொண்டு உட்காருவார். ஆள் கணக்குத் தெரியாததால் தினமும் கூடுதலாக உலை வைப்பார்கள். தினமும் மிஞ்சும்.

"பாதிய எடுத்து வச்சிருங்களேன்க்கா" என்றேன்.

"ஊரே அரிசிக்கு அழுவுது. சோத்தக் கொட்டச் சொல்லுதியாளா? கை வெளங்குமா?" என்றார். அதற்குள் 'நர்ஸம்மா' போய், தோழியைக் கூப்பிடுவது போல 'ளா' போட்டுக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆக, அவர் உடம்பில் ஏறியிருந்தது ஆசை இல்லை, பயமும் பாவ புண்ணியமும். அப்படிப்பட்டவரிடம் போய் 'வாயைக் கட்டுங்கள்' என்று உபதேசம் செய்தால் என்ன பிரயோசனம்? சாப்பிடும் நேரத்தை மாற்றினேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடோனில் இலை பொறுக்க வரும் பெண்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். பொன்னம்மாள் ஆடித் தீர்த்துவிட்டார்.

"ஆம்பளைய சாப்புடுததுக்கு முன்ன வீட்டுப் பொம்பள தட்ட எடுத்து வைக்கவா? ஏளா, ஒங்க ஊர்ல இப்பிடித்தானா?"

"எங்க ஊர்ல உயிரோட இருக்கிற பொம்பளைங்க அப்படித்தான்" என்றேன். எனக்கு அப்போது வயதும் குறைவு, வாயும் அதிகம்.

அடுத்தது கம்பு. அரிசியைக் குறைத்து, கம்பும் கேப்பையும், முருங்கைக்கீரையும், தேங்காய் அரைக்காத மீன் குழம்பும், நிறைய மோரும். பொழுதுக்கும் குடித்துக்கொண்டிருந்த கருப்பட்டிக் காப்பியைக் காலையில் மட்டும். அண்ணாச்சி இதில் முரண்டு பிடித்தார். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்த மனுஷர். ஆனால் "எங்க வீட்டுல கம்பு குத்துத சத்தம் தெருவுக்குக் கேட்டா, யாவாரம் நொடிச்சுப்போச்சும்பான்" என்றார். கடைசியில் குடோனுக்குள் உரலைக் கொண்டுபோய், சிப்பங்களுக்கு நடுவில் வைத்துக் குத்தினார்கள். கம்பஞ்சோறு அந்த வீட்டுக்குள் கள்ளச்சரக்கு போலத்தான் நுழைந்தது.

நடக்க வேண்டுமே, எங்கே நடப்பது? அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் காலார நடந்துபோகும் வழக்கம் இல்லை. குடோனுக்குப் பின்னால் இலை காயப்போடும் களம் நீளமாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் அங்கே நடக்கச் சொன்னேன். வயிற்றில் பட்டைத்துணி சுற்றிக் கட்டி, கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். முதல் சில நாள் பொறுக்கும் பெண்கள் சிரிப்பார்களே என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். பிறகு அவர்களோடு நின்று பேச ஆரம்பித்தார். பிறகு ஒரு சுளகை வாங்கி இலையைப் புடைக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த வீட்டில் செய்த வேலையாம். கை மறக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை நிறுக்கும் தராசுதான் உண்டு. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்கள் இல்லாத நேரத்தில், சிப்பம் நிறுக்கும் பெரிய தராசில் அக்காவை நிறுப்போம். அண்ணாச்சியே படிக்கல் மாற்றிப் பார்ப்பார்.

"சாக்குல கட்டிச் சீமைக்கு அனுப்பிராதீய" என்று முதல் நாள் அக்கா சொல்ல, அண்ணாச்சி அப்படிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எடை இறங்கியது. மெதுவாக. ஒரு வாரம் கொஞ்சம் இறங்கும், ஒரு வாரம் அப்படியே நிற்கும். ஆனால் அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்த விஷயம் வேறு. ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போதே, "ஏளா, இன்னைக்கு மாடிக்கு நிக்காம ஏறிட்டேன்! துணிய காயப்போட்டுட்டு நிக்காம இறங்கிட்டேன்!" என்று கத்தினார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கை தட்ட வேண்டிய இடம் எது என்று கேட்டால், அதுதான்.

இப்படியே போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

ஒரு நாள் காலையில் ஆள் ஓடிவந்தது. போனேன். அக்கா அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்தார். புடைப்பு வெளியே வந்து மாட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. முகமெல்லாம் வியர்வை. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, காலுக்கு அடியில் தலையணை அடுக்கி, முழங்காலை மடக்கிவைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அமுக்கித் தள்ளிவிடு என்று பொன்னம்மாள் கத்தினார். நான் அமுக்கவில்லை. குடல் கிழிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அக்கா கூரையைப் பார்த்தபடி, "அம்மா, அம்மா" என்றார். வலிக்காகக் கூப்பிடவில்லை. செத்துப்போன தன் தாயைத்தான் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வயிறு தளர்ந்து, புடைப்பு தானாக உள்ளே போனது. டாக்டரம்மா வந்து பார்த்து, அவசரமாக அறுக்க வேண்டியதில்லை, இன்னும் கொஞ்சம் எடை இறங்கட்டும் என்றார்.

அந்தக் காலைக்குப் பிறகு அக்கா மாறிவிட்டார். மாடிப்படி, சுளகு எதைப் பற்றியும் பேச்சில்லை. என்னைக் கண்டதும் ஒரே கேள்விதான்: "இன்னும் எவ்வளவுளா இருக்கு?" அதற்கென்று வாய்த்தது போலத் தராசும் அப்போது பார்த்து நின்றுவிட்டது. அடுத்தடுத்து ஞாயிறுகளில் ஒரு ராத்தல்கூட இறங்கவில்லை. இது எல்லோருக்கும் நடப்பதுதான், உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் தராசிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணாச்சி அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எடை இறங்கியது. சரசரவென்று இறங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாச்சி படிக்கல்லை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். நான் போய்ச் சொன்னதும் டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு. தராசிலிருந்து இறங்கும்போது அக்கா பக்கத்திலிருந்த சிப்பத்தைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்திருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் முறை இல்லாமலேயே போனேன். களத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சுளகைத் தூக்கினார். அது பாதிகூட உயரவில்லை. இலை மொத்தமும் மடியில் கொட்டியது. இலையோடு ஒரு சுளகு, அது என்ன கனம் இருக்கும்? "கை வழுக்கிட்டு" என்று சிரித்தார். நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. கெண்டைக்கால் இழுத்து இழுத்து வலிக்கிறது என்றார். நாடி பிடித்தேன். ஓடியது, தயங்கியது, ஒரு துடிப்பை விட்டுவிட்டு மறுபடி ஓடியது. பேதியில் உடம்பு வற்றிப்போனவர்களிடம் நான் பார்த்த நாடி அது.

"என்னக்கா குடிக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே. நீ சொன்ன கஞ்சிதான்."

எவ்வளவு கேட்டும் அதே பதில்தான். நான் வெளியே வரும்போது வாசல்வரைக்கும் பொன்னம்மாள் வந்தார். என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அவ என்ன குடிக்கான்னு எந்தம்பிட்ட கேளு. ராத்திரி பகலா பின்கட்டுக்கு ஓடுதா. குடல் அறுந்து போயிரும் போல இருக்குளா. நான் சொன்னா ரெண்டு பேரும் கேக்க மாட்டாவ."

அண்ணாச்சி குடோனில் இருந்தார். கேட்டேன். ஒளிக்கவில்லை. ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நிலாவரை. ஒடிசல் இல்லாமல், பழுப்பு இல்லாமல், ஒவ்வொன்றும் பொறுக்கி எடுத்த இலை.

"நாந்தான் கஷாயம் வச்சுக் கொடுக்கேன், காலையிலயும் பொழுது சாஞ்சும். முதல் தரம் பாத்துக்கோ. சீமைக்குப் போறதுல எடுத்து வச்சது. நல்லா கேக்குதுல்லா?"

"அண்ணாச்சி, இது பேதி மருந்து. இத இப்படித் தினமும் குடிக்கக் கூடாது."

"மருந்தா?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "இது நம்ம சரக்குல்லா! எங்கப்பா காலத்துலேருந்து நமக்குச் சோறு போடுத இலை. வெள்ளக்காரன் விலை கொடுத்து வாங்கிக் குடிக்கான். அவனுக்கு என்ன ஆயிப்போச்சு?"

அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அந்த இலை வாடைதான். அதனால்தான் கஷாய வாடை என் மூக்குக்குத் தனியாகத் தெரியவே இல்லை. அண்ணாச்சியைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். டப்பாவை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் திட்டுவதை விட்டுவிட்டு அதன் மூடியைப் போட்டேன். பெண்டாட்டி அழக் கூடாது என்று தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

திரும்பக் களத்துக்குப் போனேன். அக்காவுக்கு விஷயம் எட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மாட்ட சொல்லிராதளா. நாள நிறுத்திருவாவ. இன்னொரு தடவ அது மாட்டுனா நான் எங்கம்மா மாதிரி போயிருவேன். மூத்தவ கல்யாணத்தப் பாக்க வேண்டாமா நான்? இன்னையோட நிறுத்திருதேன், சத்தியமா குடிக்க மாட்டேன். சொல்லாத, என்ன?"

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிவரைக்கும் கடற்கரை ரோட்டில் நடந்தேன். அந்த வீட்டில் அவர் நம்பிய ஒரே வெளியாள் நான். சொன்னால் அந்த நம்பிக்கை போகும். ஒருவேளை, சொன்னதால் நாள் தள்ளி, தள்ளியதால் குடல் மறுபடி மாட்டி அவர் செத்தால், அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்? சொல்லாவிட்டால் மேஜை மேலே சாவார். இரண்டையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன். கையில் நாடி விட்டுவிட்டு ஓடியது மட்டும் ஞாபகத்தை விட்டுப் போகவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நோயாளிக்கு உங்களைப் பிடிக்காமல் போகட்டும், பரவாயில்லை. சொல்லிவிடுங்கள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"நான்தான் அந்த நம்பரச் சொன்னேன், கிரேஸ். பயந்து போனவகிட்ட ஒரு நம்பர மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. அந்த நம்பருக்காக அவ எதையும் கொடுப்பா" என்றார். எனக்கு அவர் செய்த ஒரே உபதேசம் அதுதான்.

அன்றைக்கே மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினார். ஆப்பரேஷன் இப்போது இல்லை, உப்புப் போட்ட மோர், இளநீர், கஞ்சி, வாழைப்பழம் எல்லாம் கொடுத்து உடம்பைத் தேற்ற வேண்டும், கொஞ்சம் எடை ஏறினாலும் ஏறட்டும் என்றார். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"கொறைன்னு சொன்னீய, கொறச்சோம். இப்ப ஏத்துங்கீய. என்ன வெளயாட்டா இது?"

"குறைஞ்சது கொழுப்பு இல்ல, அண்ணாச்சி. உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் போயிருக்கு. இப்ப மயக்க மருந்து கொடுத்தா இதயம் நின்னுரும்."

"எடை சரியா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"எடை சரியா இருக்கு. உடம்பு சரியா இல்ல" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்கா எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நான் கை கொடுத்தேன், வாங்கவில்லை. "சொல்லிட்டியாளா" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகப் பொன்னம்மாள் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஓடினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரியில் ஓடுகிற வாடகைக் கார். டிரைவர் பின்னால் நின்று கரியடுப்புக்குக் காற்றுச் சுற்றிக்கொண்டிருந்தான். புகை திரண்டு எஞ்சினுக்கு ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அக்கா பின்சீட்டில் பொன்னம்மாள் தோளில் சாய்ந்திருந்தார். ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"அக்கா, போங்க. அங்கேயே பண்ணிக்கோங்க. ஆனா என்ன குடிச்சீங்கன்னு அந்த டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. அது போதும்."

அவர் தலையாட்டினார். முன்சீட்டிலிருந்து அண்ணாச்சி திரும்பினார். "மருந்து மாயம் எதுன்னாலும் கேட்டா சொல்லுவோம்மா. போ" என்றார். எஞ்சின் பிடித்தது. கார் திருநெல்வேலி ரோட்டில் திரும்பும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

அதே கார்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நாடி நின்றுவிட்டதாம், வயிற்றில் கத்தி படவே இல்லை. பொன்னம்மாள் நடுவீட்டில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"அந்த டாக்டரு கேட்டாருளா. 'எடை ரொம்ப நல்லா கொறச்சிருக்கீங்களே, எதும் மருந்து சாப்புட்டீங்களா'ன்னு கேட்டாரு. எந்தம்பி, 'மருந்து ஒண்ணும் இல்ல, கஞ்சியும் நடையும்தான்'னான். அவளும் ஆமான்னு தலைய ஆட்டுனா. நான் வாயத் தெறக்கதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ." மூக்கைச் சிந்தினார். "அவன் பொய் சொல்லலளா. அவனுக்கு அது மருந்தே இல்ல."

எனக்கும் அது தெரியும். அதனால்தான் 'மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்ற கேள்வியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் வாய்க்குள் என்னென்ன போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பொறுமை இழந்து திட்டுவார்கள். திட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் வைகுண்டம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அக்கா முதல் நாள் உட்கார்ந்த அதே பெஞ்சில், அரிசி இல்லாத பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"எடை சரியாத்தானம்மா இருந்துச்சு? நானேதானே நிறுத்தேன். சரியாத்தானே இருந்துச்சு?"

டாக்டரம்மா சொன்னதில் பாதியை மட்டும் சொன்னேன்.

"சரியாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி."

தலையாட்டிக்கொண்டு எழுந்து போனார். மீதிப் பாதியை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு அன்றைக்கும் வரவில்லை, அவர் சாகும்வரைக்கும் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அந்த அம்மாளின் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் உங்களில் யாராவது போங்கள். எடைக் கருவியைக் கொண்டுபோக வேண்டாம். அடுப்படியில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்துக்கொண்டு, என்ன குடிக்கிறார் என்று கேளுங்கள்.